சேரியும் காலனியும்



சென்ற பௌர்ணமியன்று ஜனக்புரியில் தம்மக் கூட்டம் முடிந்ததும், கல்லூரியிற் பயிலும் பெண்ணொருத்தி என்னை அணுகி, "ஐயா, சொந்த ஊர் எதுவென்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டால் நா எழவில்லை" என்றாள். அவள் பிறந்தது ஒரு காலனியில். பஞ்சாலையில் நூல் நூற்ற எனக்கு இத்துயரம் புதிதன்று. என் பெயர் தெரிந்தும் "காலனியான்" என்றே அழைத்த மேஸ்திரியின் கீழ் வேலை செய்தவன் நான்.

சேரி என்பது 'சேர்' என்னும் வினையிற் பிறந்த சொல். பலர் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காண்க. அது பிராமண சபை ஆண்ட ஊர். அதன் பகுதிகளும் பன்னிரண்டு சேரிகளே! பிற்காலத்தில் ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து, உழுது விளைவித்தவனை ஒதுக்கி வைத்தனர். மனிதனை ஒதுக்கியபின் சொல்லும் தாழ்ந்தது. "சேரிக்காரன்" என்பது வசையாயிற்று. வேளச்சேரி, புதுச்சேரி என்று சொல்ல இன்றும் எவரும் நாணுவதில்லை.

பின்னர்ச் சர்க்கார் வீடு கட்டித் தந்து 'காலனி' என்றது. லத்தீனில் உழவனைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது அது. அதுவும் கிராமத்தில் இழிசொல்லாயிற்று. அரசுப் பதிவுகளினின்று அச்சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நன்றே. ஆயினும், டில்லி வளர்ச்சி ஆணையம் அமைத்த இந்த ஜனக்புரியும் காலனிதானே! இங்கு அச்சொல்லைப் பெருமையோடு சொல்கின்றனர். ஒரே சொல் அங்கே வசை, இங்கே கௌரவம். ஆதலின் அழுக்கு சொல்லில் இல்லை, சொல்பவன் மனத்தில் உள்ளது. மனம் மாறாவிடில் நாளை வைக்கும் பெயரிலும் அது படியும்.

சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்ற பகவனையே, அக்கிக பாரத்துவாசன் என்னும் பிராமணன் "வசலனே, அங்கேயே நில்" என்று இழித்தான். பகவன் சினந்தாரில்லை, தலை குனிந்தாருமில்லை. "வசலன் யாரென்று நீ அறிவாயா?" என்று வினவி, பிறப்பினால் ஒருவன் இழிந்தவன் ஆவதில்லை, செயலினாலேயே ஆகிறான் என்று விளக்கினார். இகழ்ந்தவனே இறுதியில் உபாசகனானான்.

இனி என் குற்றத்தையும் சொல்லுகிறேன். மேஸ்திரியின் மீது குமுறிய நானே, அதே ஆலையில் கழிவறை கழுவிய முதியவரைச் சாதிப் பெயரிட்டே அழைத்து வந்தேன். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வேளையில் வசலனாக நின்றவன் நானன்றோ!

ஆகவே, மகளே, காலனி என்று தலைநிமிர்ந்து சொல். நமக்கும் கீழே ஒருவரை வைத்து வசைபாடும் வழக்கம் நம்மிடம் இருக்குமாயின், அதை இன்றே விடுவோம். நல்வாய்மை என்பது அதுவே. சேர்ந்து வாழும் இடம் சேரியெனில், சங்கமும் ஒரு சேரியே.

சகல உயிர்களும் சுகமாய் வாழ்க! சாது! சாது! சாது!