உடல் முடி களைதலும் மறைவு பேணுதலும்

நிக்காஹ் நெருங்கினால் பழவேற்காட்டுப் பெண்பிள்ளைகளைப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ அழைத்துப் போய், அழகு நிலையத்தில் மெழுகு பூசி உடல் முடியை அகற்றலாமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள்.

முடி களைவது நமக்குப் புதிதல்ல. அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நாற்பது இரவுகளுக்கு மேல் விடலாகாது என்ற அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மெழுகு பூசி இழுப்பதும் பிடுங்குவதே. சூடு மிஞ்சினால் தோல் வெந்துவிடும். முதன்முறை என்றால் சிறிது இடத்தில் பூசிப் பார்க்க வேண்டும். வலி தாங்காதவர் சிரைத்துக் கொள்ளட்டும். பிடுங்குவதுதான் சுன்னத் என்று அறிந்தும், வலி பொறுக்காமல் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே அக்குளைச் சிரைத்துக் கொண்டதாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்!

ஆனால் கேள்வி வலியைப் பற்றியதல்ல. யார் முன் உடலைத் திறப்பது என்பதே. “பெண்ணுக்குப் பெண்தானே” என்கிறார்கள். பெண் பெண்ணின் அவ்ரத்தைப் பார்க்கலாகாது என்பதும் ஹதீஸ்தான். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டதை முஸ்லிம் பெண்ணுக்கும் காட்டலாகாது. பிற சமயப் பெண் முன் எவ்வளவு திறக்கலாம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிகிச்சைக்குச் சலுகை இருக்கிறது. தன் கையால் முடிகிற காரியத்துக்கு ஏது சலுகை? அரபு நாட்டுப் பெண்கள் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் காய்ச்சிய பாகினால் வீட்டிலேயே முடி களைகிறார்கள். பனையோலை முடையும் நம் ஊர்ப் பெண்களின் விரல்களுக்கு அது கடினமன்று. புருவத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதைப் பிடுங்குவோர் மீது சாபம் வந்திருக்கிறது.