பட்டிக்குக் கீழே

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையோரம், துருப்பிடித்த பழைய மாருதி 800-ஐ டிங்கரிங் செய்ய இரண்டு வழி உண்டு. துருவேறிய தகரத்தை வெட்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடிப்பது ஒன்று. மேலாகத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது இன்னொன்று. இதுதான் சீப். மிச்சத் துரு உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

கையில் காசில்லாதவர் தன் வண்டிக்குப் பட்டி பார்ப்பதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. விற்கும்போதுதான் அதே பட்டி பொய்யாகிறது.

எல்லாப் பொய்யும் ஒன்றில்லை என்பதும் உண்மை. கதவில் பட்டி என்றால் அழகோடு போச்சு. ஆனால் 800-க்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு இற்றுப்போய், அதன்மேல் பட்டி பார்த்திருந்தால், மோதினால் தாங்க அங்கே ஒன்றுமில்லை.

"பாத்து வாங்கறது அவன் பொறுப்பு" என்பார்கள். பட்டிமேல் காந்தம் ஒட்டாது, நிஜம்தான். ஆனால் 2014-ல் உற்பத்தி நின்ற வண்டியை வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் அதுதான் முதல் கார். காந்தத்தோடு வரமாட்டார், பிள்ளைகளோடு வருவார்.

"கீழே பட்டிதாங்க, வெல்டிங் அடிச்சுக்கோங்க" என்று சொன்னால் விலையில் சில ஆயிரம் குறையும். அவர் வெல்டிங்குக்குக் கொடுக்கப்போகும் காசுதான் அது.