சமித்து ஏந்தி வந்த இல்லறத்தார்

வேதநெறி மனித வாழ்வை நான்கு ஆசிரமங்களாக, அதாவது வாழ்நிலைகளாக வகுத்து, குருவின் இல்லத்தில் தங்கிக் கற்கும் பிரமசரியத்தை முதலிலும், மணம் புரிந்து பொருளீட்டிப் பிறரைத் தாங்கும் இல்லறத்தை அதற்கு அடுத்தும், வானப்பிரத்தத்தையும் துறவையும் இறுதியிலும் வைத்தது. தருமசாத்திர உரையாசிரியர்கள் பலரும் இதில் ஏறுவரிசையை மட்டுமே ஏற்றனர். இறங்குவரிசையை அவர்கள் விரும்பவில்லை. நாற்பது வயதில் நிலையான உத்தியோகத்தை விட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர நினைப்பவரிடம் உறவினர் சொல்லும் "படிக்கிற வயசுல படிச்சிருக்கணும்" என்ற மறுப்பு, சாத்திரம் அறியாதவர் வாயிலும் அந்தப் பழைய வரிசையின் வீட்டுமொழியாகவே ஒலிக்கிறது. இல்லறத்தில் நிற்பவர் மீண்டும் மாணாக்கராவது அறமா, கடமையிலிருந்து நழுவுவதா என்பது ஆகவே புதிய கேள்வியன்று.

கேள்வியின் முடிச்சு, மூன்று கடன்கள் என்னும் கருத்தில் இருக்கிறது. பிறக்கும்போதே அந்தணன் முனிவர்களுக்கும் தேவர்களுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்றும், முதற்கடனைக் கல்வியாலும், இரண்டாவதை வேள்வியாலும், மூன்றாவதை மக்கட்பேற்றாலும் தீர்க்கிறான் என்றும் தைத்திரீய சங்கிதை கூறும். மூன்றாவதாகிய பிதுர்க்கடன் பிள்ளை பெறுவதோடு முடிவதில்லை, பெற்ற பிள்ளையைக் காப்பதும் அதனுள் அடங்கும் என்று கொண்டால், வேலையை விட்டுப் படிக்கப் போகிறவர் முனிவர் கடனைத் தீர்க்கும் பொருட்டு முன்னோர் கடனில் கைவைக்கிறார் என்றாகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது போன்ற இந்நிலைக்கு நூல்கள் நேரான விடை தருவதில்லை.

மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜா மாவட்டத்து ரெம்பியாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வேர்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த முன்னோர் கடன் வெறும் கருத்தன்று. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதன்முதலில் பயிரிடப்பட்டது இதே மாநிலத்தில்தான். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். அதற்குப் பின் வந்த தலைமுறைகள் விடியுமுன் பிரட்டுக்களத்தில், அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் வெளியில், வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டதும் உளியும் வாளியுமாகத் தத்தம் நிரைக்குப் பால் வெட்டச் சென்றன. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் அப்பள்ளியின் படிகள் பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றன; அதற்கு மேல் ஏற நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றே. லயம் எனப்படும் வரிசை வீடு தொழிலாளியின் உடைமையன்று, அவர் செய்யும் வேலையோடு ஒட்டிய சலுகை. வேலை போனால் கூரையும் போயிற்று. விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது பலர் இதைத் தம் உடலாலேயே அறிந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சந்தாவைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முற்பட்டதற்கும் இதுவே காரணம். ஆகவே அரசாங்க வேலை, ஓய்வூதியம், ஊழியர் சேமநிதி ஆகிய சொற்கள் இக்குடும்பங்களின் காதில் கூரை என்றே விழுகின்றன. அந்த வேலையை விடுவேன் என்று ஒருவர் சொல்லும்போது, வயதான தாய் அதைச் சம்பளக் குறைவாக மட்டும் கேட்பதில்லை. அவரது அச்சத்தைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்குவது வரலாறு அறியாமை.

உபநிடதங்களில் இக்கேள்விக்கு மிக அணுக்கமாக வரும் இடம் சாந்தோக்கியத்தின் ஐந்தாம் இயலில் உள்ளது. ஐந்து இல்லறத்தார், "மகாசாலர்" அதாவது பெருமனை உடையவர் என்றும் வேதத்தில் துறைபோனவர் என்றும் அடைமொழி பெற்றவர்கள், ஆன்மா எது, பிரமம் எது என்று கூடி ஆராய்கிறார்கள். விடை கிட்டாமையால் உத்தாலக ஆருணியிடம் செல்கிறார்கள். புகழ்பெற்ற ஆசிரியராகிய அவரோ தம்மால் முழுவதும் சொல்ல இயலாது என்று உணர்ந்து, அவர்களையும் அழைத்துக்கொண்டு கேகய மன்னன் அசுவபதியிடம் தாமும் ஒரு மாணாக்கராகப் போகிறார். மன்னன் கொடுக்க முன்வந்த பொருளை மறுத்து, தாங்கள் அறிய வந்ததைச் சொல்லுமாறு அவர்கள் கேட்க, காலையில் சொல்வதாக அவன் கூறுகிறான். மறுநாள் முற்பகலில் அந்த அறுவரும் கையில் சமித்துடன் வந்து நின்றார்கள். சமித்து என்பது வேள்வித்தீயில் இடும் சுள்ளி. முதல்முறை குருவிடம் வரும் சிறுவன், "உம் தீயை நான் பேணுவேன்" என்று சொல்லாமல் சொல்லும் அடையாளமாக ஏந்தி வருவது. தம் வீட்டில் பிறர் சுள்ளி சுமந்துவரக் கண்டு பழகியவர்கள் இப்போது தாமே சுமந்து வந்தார்கள். அசுவபதி அவர்களுக்கு உபநயனம், அதாவது மாணாக்கராகச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு, செய்யாமலே கற்பித்தான் என்று உபநிடதம் தனியே குறிப்பிடுகிறது. (மலேசியத் தகுதியாய்வு முகமை இன்று இருபத்தொரு வயதைக் கடந்தவரின் பணியனுபவத்தை மதிப்பிட்டு, முறையான நுழைவுத் தகுதி இல்லாமலே இளங்கலைப் படிப்பில் சேர வழிவிடுவதை அசுவபதி கேட்டால் வியக்கமாட்டான்.)

அதன்பின் அவன் செய்தது இன்னும் நுட்பமானது. ஒவ்வொருவரையும், இதுவரை எதை ஆன்மாவாகக் கொண்டு வழிபட்டீர் என்று வினவுகிறான். வானம், ஞாயிறு, காற்று, வெளி, நீர், நிலம் என்று ஆளுக்கு ஒன்றாக விடை வருகிறது. எந்த விடையையும் அவன் பிழை என்று தள்ளுவதில்லை. அதனால் அவர்தம் மனையில் உணவும் செழிப்பும் வளர்ந்ததை ஒப்புக்கொண்டே, அது முழுமையின் தலை மட்டும், கண் மட்டும், கால் மட்டும் என்று காட்டுகிறான். முதிர்ந்த மாணாக்கரிடம் ஆசிரியர் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது.

ஆனாலும் இந்தக் கதையில் ஒரு மௌனம் உண்டு. அறுவரும் இல்லாத நாள்களில் அவர்களுடைய பெருமனைகளின் அடுப்பை எரியவிட்டவர் யார் என்று உபநிடதம் சொல்லவில்லை. பெருமனை இருந்ததால்தான் அந்தக் கேள்வி எழவில்லை என்றும் கொள்ளலாம். 1945-இல், டாக்டர் பட்டம் பெற்ற பின்னரும், முப்பத்திரண்டு வயதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்த தனிநாயகம் அடிகளாரின் வாழ்வும் இவ்வகையில் முழு விடையாகாது. ரோமில் இறையியல் கற்று, வடக்கன்குளத்துப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றி, தம் தாய்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லை என்று உணர்ந்து அவர் சிதம்பரம் சென்றதும், பிற்காலத்தில் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியதும் வியப்புக்குரியவை. ஆயினும் அவர் கத்தோலிக்கக் குரு. அவர் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு பிள்ளை பள்ளிக் கட்டணத்துக்குக் காத்திருக்கவில்லை. இல்லறத்தாரின் இக்கட்டை அவர் வாழ்வு தொடவில்லை.

அதைத் தொடுவது வள்ளுவம். இல்வாழ்வான் பேண வேண்டியவர்களாகத் தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம் என்று எண்ணிவந்த வள்ளுவர் ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார். எல்லா அறத்தையும் செய்பவன் தானே ஆதலால் தன்னை ஓம்புவதும் அறமாயிற்று என்பது பரிமேலழகர் கொண்ட கருத்து. தைத்திரீயப் பட்டியலில் இல்லாத இந்த ஐந்தாம் இடம் பெரிய திறப்பு. கற்க வேண்டும் என்ற தவிப்பைத் தன்னலம் என்று பழிக்காமல், காக்க வேண்டிய ஐவருள் ஒருவரின் பங்காகக் கொள்ள அது இடம் தருகிறது. ஆனால் வரிசையில் அது கடைசி. மற்ற நால்வரின் பங்கைத் தின்றுவிட அதற்கு உரிமை இல்லை. சேமநிதியிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்க மலேசியச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதாலேயே எடுப்பது அறமாகிவிடாது. அந்தப் பணத்தில் முதுமையில் யாருடைய சோறு இருக்கிறது என்பதைக் கேட்டாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் கீதையின் சுவதர்மக் கருத்தைக் காட்டுவதும் உண்டு. சுவதர்மம் என்பது ஒருவருக்கு உரிய கடமை. குறையுடையதாயினும் அதில் நிற்பதே மேல் என்பது அதன் சாரம். ஆனால் உரியது எது என்று யார் முடிவு செய்தார் என்பதை முதலில் கேட்க வேண்டும். பால் வெட்டுபவரின் மகன் பால் வெட்டவே வளர்ந்த தோட்டத்தில், அச்சொல்லை யாரும் உச்சரிக்காமலே அதன் நிழல் நூறாண்டு கிடந்தது. உத்தியோகம் கிடைத்த தற்செயலைக் கடமையின் ஆணையாக வாசிப்பது கீதைக்கும் நியாயம் செய்வதன்று.

பொருளும் வயதும் தடைகள்தாம். இவற்றைவிட ஆழமான தடையைச் சைவ சித்தாந்தம் ஆணவ மலம் என்று பெயரிடுகிறது. ஆணவம் என்றால் இங்கே செருக்கு மட்டுமன்று. நெல்லை உமி போலவும் செம்பைக் களிம்பு போலவும் உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டி அதன் அறிவை மறைக்கும் மாசு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த மெய்கண்டாரின் குடும்பத்துக்கு மரபுவழிக் குருவாக இருந்தவர், எல்லா ஆகமங்களும் கற்றதால் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். சிறுவராயிருந்த மெய்கண்டார் பாடம் சொல்வதைக் கேட்டு அங்கே வந்த அவர் ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவ, மெய்கண்டார் விடை கூறாமல், நின்றுகொண்டிருந்த அவரையே சுட்டினார் என்பது மரபு. பண்டிதர் அங்கேயே மாணாக்கரானார். அருணந்தி என்னும் பெயர் பெற்றார். அவர் விட்டது வருவாயை அன்று. கற்பிப்பவனாகவே இருந்துவிடும் வசதியை. துறைத் தலைவராக இருந்தவர் தம் மகளின் வயதுடைய விரிவுரையாளரிடம் பணி ஒப்படைத்துவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும்போது அனுபவிக்கும் கூச்சம் இந்தக் களிம்பு உரசப்படும் ஒலிதான்.

அருணந்தியின் பழைய படிப்பு வீணாகவும் இல்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. அருணந்தியின் சிவஞான சித்தியாரோ பரபக்கம் என்னும் முதற்பகுதியில் பிற சமயக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாதிடுகிறது. அந்த வேலையைச் செய்ய, அதற்கு முன் பல்லாண்டு பண்டிதராக வாழ்ந்த ஒருவர் தேவைப்பட்டார்.