பாசமும் பத்திரமும்

"வாத்தியார் தம்பி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்" என்று ஒரு பத்திர நகலை நம்மிடம் நீட்டினார், நம் பள்ளிக்கூடத் தெருவிலே வாழும் அம்மையார் ஒருவர். வயது எழுபதைத் தாண்டியவர். கணவரை இழந்து மூன்றாண்டு. குடியிருக்கும் வீடு அவர் பெயரிலேயே வாங்கியது. மகன் சென்னைப் புறநகரிலே அடுக்குமாடி வீடொன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். "தனியே கிடந்து ஏன் தவிக்க வேண்டும்? என்னோடு வந்துவிடு அம்மா" என்று அழைக்கிறார். நல்ல அழைப்பு! ஊர் வீட்டை மகன் பெயருக்கு எழுதித் தருவது, மகன் அதை விற்பது, விற்ற பணத்தைப் புது வீட்டுக்குக் கட்டுவது, ஏற்பாடு இதுதான்.

படித்தோம். நான்கெல்லை இருந்தது. கிணறு இருந்தது. தென்னை இரண்டு இருந்தன. மின் இணைப்பு எண்கூட இருந்தது. "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற சொற்கள் அழகாக அமர்ந்திருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று. எழுதித் தருகிற அந்த அம்மையார் நாளை எங்கே படுப்பார், எதை உண்பார், நோய் வந்தால் செலவு யாருடையது என்பதற்கு ஒரு வரி இல்லை!

சொன்னோம். அம்மையார் சிரித்தார். "பெற்ற பிள்ளையிடமா எழுதி வாங்குவது, தம்பி? ஊர் சிரிக்காதா?"

தோழர்களே! அந்தச் சிரிப்புக்குத்தான் நாம் விடை கூறியாக வேண்டும். பாசத்துக்கும் பத்திரத்துக்கும் பகையா? பெற்றவர் பிள்ளையிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது பண்பாட்டுக்கு இழுக்கா?

பெற்ற பிள்ளையிடம் பத்திரம் எதற்கு என்று கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் கையிலே இருப்பதே பத்திரம்தானே! தாய் தருவதற்கு முத்திரைத்தாள் வேண்டும், சார்பதிவாளர் வேண்டும், சாட்சி இருவர் வேண்டும். மகன் தருவதற்கு மட்டும் வாய்ச்சொல் போதும்! தாய் கொடுப்பது எழுத்திலே. தாய் பெறுவது நம்பிக்கையிலே. இது பாசத்தின் பெருமையா? எளியவர் வாயை அடைக்கும் பழக்கமா?

மகன் கெட்டவர் என்று நாம் கூறவில்லை. நல்லவர் என்றே நம்புகிறோம். ஆனால் நல்லவருக்கும் வேலை போகும். நல்லவரும் நோயில் விழுவார். கடன் கட்டத் தவறினால், நல்லவர் வீட்டையும் வங்கி ஏலம் விடும். மகன் நல்லவராகவே இருந்தும், தாய் தெருவில் நிற்க நேரலாம். ஆகவே, இது மகனின் குணத்தைச் சோதிக்கும் கேள்வியன்று. தாயின் நிலையைக் காக்கும் கேள்வி.

சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்த மாற்றம் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 சனவரியில் அதே நீதிமன்றம், முதியோர் நலனுக்கான சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டுமென்று கூறி, மகனுக்குத் தந்த சொத்தைத் தாய்க்கே மீட்டுத் தந்தது. பாசத்தால் தந்த கொடையிலே பராமரிப்பு என்னும் நிபந்தனை எழுதாமலே அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நல்ல தீர்ப்புகள்! ஆனால், கோல் ஊன்றிய கையோடு எத்தனை படிகள் ஏறிய பிறகு? அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் அத்தனை படிகளும் மிச்சமல்லவா?

எழுதித் தருவது ஒன்றே வழியுமன்று. வீட்டை அம்மையாரே விற்கலாம். விற்ற 2 ஆண்டுக்குள் தம் பெயரிலே வேறு வீடு வாங்கினால், நெடுநாள் வைத்திருந்த வீட்டின் இலாபத்துக்கு வருமான வரிச் சட்டம் விலக்களிக்கிறது. அவர் பணம் புது வீட்டில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பங்குக்கு அவர் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். மீதம் அஞ்சலகத்தில் அவர் கணக்கில் கிடக்கட்டும். விற்க மனமில்லையா? ஊர் வீட்டை ஒத்திக்கு விட்டு, அந்தத் தொகையில் மகன் தெருவிலேயே சிறு வீடொன்றை ஒத்திக்குப் பிடிக்கலாம். 60 வயது கடந்தோருக்கு, வீட்டை ஈடாகக் கொண்டு வங்கி மாதந்தோறும் பணம் தரும் மறு அடமானத் திட்டம் ஒன்றும் உண்டு. ஆனால் அது அந்த வீட்டிலேயே குடியிருப்போர்க்கு. இடம் மாறுவோர்க்கு உதவாது.

அம்மையாருக்கு மகளும் உண்டு. அரைமணிப் பேருந்துத் தொலைவு. "அங்கே போகலாமே, அம்மா" என்றோம். "பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதா?" என்றார். பெண்ணுக்கும் சொத்திலே சமபங்கு என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. கூட்டுக்குடும்பச் சொத்திலே அந்த உரிமை தமிழ்நாட்டில் 1989இல் சட்டமாயிற்று. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. பெற்றோரைக் காக்கும் கடமையையும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் பொதுவாகவே வைத்தது. சட்டம் வாயிலைத் திறந்துவிட்டது. பழக்கம் இன்னும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது!

"எல்லாவற்றையும் எழுதிவிட்டால் குடும்பம் கடைத்தெருவாகிவிடாதா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. நள்ளிரவில் இருமும் தாய்க்கு வெந்நீர் வைத்துத் தரும் கையைப் பத்திரம் படைத்துவிடாது. ஒப்புக்கொள்கிறோம். ஆனால், போக்கிடம் அற்றவர் ஒருவர் வீட்டில் இருப்பதைப் பாசம் என்று எப்படிச் சொல்வது? போக முடியும், ஆனாலும் இங்கே இருக்கிறேன் என்பதல்லவா பாசம்! பத்திரம் அடித்தளம். அன்பு அதன்மேல் எழும் வீடு. அடித்தளம் இருப்பதால் வீட்டுக்கு இழுக்கில்லை.

கொடுக்கச் சொத்தே இல்லாதவர் நிலை என்ன? அவர்க்கும் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பெறும் உரிமை உண்டு. அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய் என்று அதே சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. ஆக, முதியவரைக் காப்பது வீட்டுக்குக் கைம்மாறு அன்று, கடமை. கடமையை எழுத்தில் வைப்பதற்கு வெட்கம் ஏன்?

நம் பேச்சைக் கேட்ட மகன் ஒரு வாரம் தாயோடு பேசவில்லை. பிறகு தொலைபேசியில் பேசியவர் மருமகள். "உங்கள் பெயரும் இருக்கட்டும், அத்தை. என் அம்மா அன்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். இன்று மாத்திரை வாங்க அண்ணனிடம் கை நீட்டுகிறார்."

புதிய நகல் சென்ற வாரம் வந்தது. அம்மையார் அதையும் நம்மிடம் கொண்டுவந்தார். "என் பெயர் எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு, தம்பி" என்றார். காட்டினோம். அந்த இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழர்களே! பெற்றவர் இதைக் கேட்கமாட்டார், நாக்கு எழாது. கேட்க வைப்பதே கொடுமை. இதைப் படிக்கும் நாம்தான் பிள்ளைகள். நம் வீட்டிலும் ஒருநாள் ஒரு பத்திரம் விரியும். அன்று, "அம்மா, உன் வரியை முதலில் எழுதுவோம்" என்று பேனாவை எடுக்கிற கை நம்முடையதாக இருக்கட்டும்!