பழுவூர்க்காரர் சபையில் சொன்ன சொல்

திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், அரியலூர் – தஞ்சாவூர் சாலை வந்து கூடும் இடத்தில் இருக்கிறது கீழப்பழுவூர். சிமென்ட் லாரிகள் ஓயாமல் ஓடும் ஊர். பஸ்ஸில் ஜன்னலோரம் அரைத்தூக்கத்தில் போகிறவர் 'பொன்னியின் செல்வன்' படித்தவராக இருந்தால், பெயர்ப் பலகையைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார். பழுவேட்டரையர் ஊர் அல்லவா!

'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வந்த அந்தக் கதையைப் படிக்கிறவர்கள் வந்தியத்தேவனோடுதான் குதிரையேறுகிறார்கள். இளமை, துடுக்கு, எந்தச் சிக்கலிலிருந்தும் தப்பிக்கும் சாமர்த்தியம் என்று யாருக்குத்தான் அவனைப் பிடிக்காது? ஆனால் நாற்பது வயதைத் தாண்டி, வீடும் வயலும் கடையும் கவனித்து, நாலு பேர் மதிக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவர் அதே நாவலை மறுபடி எடுக்கும்போது கண் வேறொருவர் மேல் போய் நிற்கும். பெரிய பழுவேட்டரையர். குடும்பத்துக்குப் பெரியவராக வாழ்கிறவருக்கு இந்தக் கதையில் பாடம் வைத்திருப்பவர் அவர்தான்.

உடம்பில் 64 விழுப்புண். சோழநாட்டின் தனாதிகாரி. கையில் பொக்கிஷச் சாவி, வீட்டு வாசலில் பனைமரக் கொடி. ராஜ்யத்துக்காகத் தன்னை முழுசாகக் கொடுத்தவர் என்பதில் கதைக்குள் யாருக்கும் ஐயமில்லை. அவருடைய தவறு பேராசையில் பிறந்ததல்ல. 'இத்தனை செய்தவன் நான், எனக்கா தெரியாது' என்ற இடத்தில் பிறந்தது. முதிய வயதில் நந்தினி என்ற இளம்பெண்ணை மணக்கிறார். அவள் வந்த வழி சரியில்லை என்று உடன்பிறந்த தம்பியே எச்சரிக்கிறான். தஞ்சைக் கோட்டையையே காவல் காக்கிற தம்பி. அவளிடம் ஒரு மந்திரவாதி வந்துபோவதை அறிந்தவன். அண்ணனோ சீறி விழுகிறார். பகைவன் வாளுக்குக் கலங்காதவருக்குத் தம்பியின் ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

நல்லவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். பழைய புண்களைக் காட்டிப் புதிய பேச்சை அடக்கிவிடுவார்கள். 'இந்த வீட்டுக்கு நான் பட்ட பாடு தெரியுமா?' என்ற கேள்விக்கு முன்னால் எந்தத் தம்பியால், எந்த மகனால் வாய் திறக்க முடியும்? பட்ட பாடு உண்மைதான். ஆனால் அது இன்றைய கேள்விக்குப் பதில் ஆகாது.

இங்கே பழுவூருக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அரசுரிமையை மாற்றச் சதி செய்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கதையின் பழுவேட்டரையர். கல்வெட்டில் இருக்கும் பழுவேட்டரையர்கள் வேறு. முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகள் ஒருத்தியை மணந்தான் என்றும், அவள் பெற்ற பிள்ளை அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடுகள் சொல்கின்றன. அப்படியானால் ராஜராஜனுக்குக் கொள்ளுப்பாட்டி பழுவூர்ப் பெண். பராந்தகனுக்காக வெள்ளூரில் பாண்டியரையும் ஈழப்படையையும் எதிர்த்து நின்ற கண்டன் அமுதனும் இந்தக் குலம்தான். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்த செய்தியைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டில் கொலையாளிகளின் வரிசையில் ரவிதாசன் இருக்கிறான். பழுவேட்டரையர் எவரும் இல்லை. ராஜராஜன் காலத்திலும் அவர்கள் பழுவூரில் அதிகாரத்தோடு இருந்து கோயில் பணி செய்திருக்கிறார்கள். திருச்சிக் கண் மருத்துவர் இரா. கலைக்கோவனும் அவருடைய ஆய்வு மையத்தாரும் இந்த ஊர்க் கோயில்களை ஏறி இறங்கிப் படித்து எழுதியதால் இந்த வரலாறு நம் கைக்கு எட்டும்படி இருக்கிறது. நாவலை நெஞ்சில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் மேலப்பழுவூர்ப் பக்கம் கீழையூரில் இருக்கும் இரட்டைக் கோயிலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம். தூணின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்களைப் பார்த்தால், சதி செய்த ஊர் என்ற எண்ணம் தானே கரையும்.

மறுபடி கதைக்கு. கொள்ளிடத்தைக் கடக்கும்போது புயலில் ஓடம் கவிழ்கிறது. கரை ஒதுங்கிய கிழவர், நந்தினியின் கூட்டாளிகளான பகைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை இருட்டில் நின்று கேட்கிறார். தம்பி சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிகிறது. இளவரசன் ஆதித்த கரிகாலன் தங்கியிருக்கும் கடம்பூருக்கு அடிபட்ட உடம்போடு ஓடுகிறார். இளவரசனைக் காப்பாற்ற முடியவில்லை. கொலைப்பழி குற்றமற்ற வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. பழுவேட்டரையர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கேட்பார் இல்லை. அப்படியும் சக்கரவர்த்தி முன்னால், எந்தப் பெரிய மனிதர்கள் நடுவே தலை நிமிர்ந்து நடந்தாரோ அவர்கள் எல்லோரும் இருக்கும்போதே, தன் மதிகேட்டைத் தானே எடுத்துச் சொல்கிறார். பிறகு தன் உயிரையும் முடித்துக்கொள்கிறார். அது அந்தக் காலத்து வீரர் கதையின் வழக்கம். நமக்கு அது வேண்டவே வேண்டாம். தவறு செய்தவர் உயிரோடு இருந்து சரிசெய்வதுதான் உண்மையில் கடினம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சபையை. குரலை உயர்த்தியது நாலு பேர் முன்னால்; மன்னிப்பு மட்டும் தனியே கூப்பிட்டுக் காதோடு என்றால் கணக்கு நேராகாது.

சாதாரண வீட்டில் இது எப்படி நடக்கும்? பெரம்பலூர்ப் பக்கம், செட்டிகுளம் போன்ற ஊர்களில் சின்ன வெங்காயம் போடும் குடும்பம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். விதை வெங்காயத்தை வயலிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். அடியில் காற்று புகும்படி தூக்கிக் கட்டி, பக்கத்தில் தட்டி வைத்து, மேலே கூரை வேய்ந்தது. ஈரம் உலராத வெங்காயத்தை உள்ளே போட்டால் சூடேறி அழுகிவிடும். "இன்னும் ரெண்டு நாள் காயட்டும்ணே" என்கிறான் தம்பி. "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று ஆட்கள் முன்னால் அதட்டுகிறார் அண்ணன். சில வாரம் கழித்துத் தட்டியைப் பிரித்தால் நாற்றம் முகத்தில் அடிக்கிறது. கையை விட்டால் கொழகொழவென்று ஒட்டுகிறது.

அந்த நிமிஷத்தில் மழையைத் திட்டலாம், விதையைத் திட்டலாம், பட்டறை கட்டியவரைத் திட்டலாம். எல்லாம் வாய்க்கு வசதியாக வந்து நிற்கும். அதே ஆட்கள் சுற்றி நிற்க, "தம்பி சொன்னதைக் கேக்காம விட்டது என் தப்புதான்" என்று சொல்ல அந்த அண்ணனுக்கு 64 விழுப்புண்ணைவிடப் பெரிய தைரியம் வேண்டும். சொல்லிவிட்டால் வெங்காயம் திரும்பி வராது. விதைக்கு வெளியே கடன்தான் வாங்க வேண்டும். தம்பியும் உடனே சிரித்துவிட மாட்டான். குனிந்து அழுகலைத் தனியே பொறுக்கிக்கொண்டிருப்பான்.

அடுத்த அறுவடை முடிந்து மறுபடி பட்டறை போடுகிற நாள் வரும். அன்றைக்கு அண்ணன் ஒரு பிடி வெங்காயத்தை அள்ளித் தம்பி பக்கம் நீட்டுகிறார். "காஞ்சிருக்கா, நீ கை வெச்சுப் பாத்துச் சொல்லு. அப்புறம் உள்ள போடலாம்."