நள்ளிரவில் ஒலித்த குரல்

1980-ஆம் ஆண்டில் நியூயார்க் வானொலி நிலையமொன்றில், ஞாயிறு நள்ளிரவு கழிந்தபின் 15 நிமிஷமே ஒலித்த ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிய டாக்டர் ரூத் வெஸ்ட்ஹைமர் அம்மையார், நாஜிகளின் கொடுமைக்குத் தப்புவிக்கும் பொருட்டு 10 வயதில் ஜெர்மனியிலிருந்து ஸ்விட்ஸர்லாந்துக்கு ரயிலேற்றப்பட்டு, பெற்றோரை மறுபடி காணாமலே வளர்ந்தவர். அடுத்த ஆண்டே நேயர்கள் தொலைபேசியில் நேரே பேசும்படி ஒரு மணி நேரமாக விரிந்த அந்நிகழ்ச்சியில், பெற்ற தாயிடமும் குடும்ப வைத்தியரிடமும் கேட்கக் கூசிய தாம்பத்திய சந்தேகங்களை, முகமறியாத மனிதர்கள் அவரிடம் மனம்விட்டுக் கேட்டார்கள். அவரோ, தேகத்தின் அந்தரங்க உறுப்புகளையும், கண்ணையும் காதையும் குறிப்பிடுகிற அதே சகஜத்தோடு, ஜெர்மானிய உச்சரிப்பு நீங்காத ஆங்கிலத்தில் சரியான பெயராலேயே சொன்னார். கருத்தடையைப் பற்றிச் சலியாமல் வற்புறுத்தினார். வீடிழந்த குழந்தையாய்த் தனிமையை அனுபவித்தவர் என்பதால்தான் பிறருடைய தனிமை அவருக்கு அவ்வளவு விரைவில் புலப்பட்டது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். எய்ட்ஸ் நோய் பரவத் தொடங்கி, நோயாளிகளை நிந்திப்பவர் மலிந்திருந்த அந்த 1980-களில், அவர்களுக்காகப் பரிந்து பேசிய குரல்களில் அவருடையதும் ஒன்று. 2024 ஜூலையில், 96-ஆவது வயதில் அக்குரல் ஓய்ந்தது.