பெறாமலே தாயானவன்

பங்குனி வெயில் இன்னும் மலைக்கோட்டைப் பாறையைத் தொடாத விடியற்பொழுது. கொல்லைப்புறத்து எலுமிச்சைக்கு நீர் வார்க்கப் போனவள், குடத்தைச் சாய்க்காமல் அப்படியே நின்றுவிட்டேன். முள்ளுக்கும் இலைக்கும் நடுவே ஒரு சிறு கூடு! அதற்குள், ஆகாயத்தைக் கிள்ளிக் கிள்ளி வைத்தாற்போல் மூன்று நீல முட்டைகள்! ஐயனே, தாயுமானவனே, ஒருவரும் திரும்பிப் பாராத தவிட்டுக்குருவிக்கு, புழுதியின் நிறத்தையே பட்டாய் உடுத்த இந்த எளிய ஜீவனுக்கு, உன் திருக்கண்டத்து நீலத்தையா எடுத்துக் கொடுத்தாய்!

அடைகாப்பு 14 முதல் 16 நாள் வரை நீளும் என்பார்கள். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு விரதமாயிற்று. குஞ்சுகள் வாய் பிளந்த அன்றுதான் என் கண் திறந்தது. வெட்டுக்கிளியைக் கவ்வி ஒரு பறவை வந்தது. அது அகலுமுன் புழுவோடு இன்னொன்று. அதன் பின்னே மற்றொன்று. அதற்கும் பின்னே மற்றொன்று! எண்ணினேன். ஏழு! பெற்றவள் எவள்? பெறாதவள் எவள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உருவம். எல்லாவற்றுக்கும் அதே வெளிர்தலை, அதே மஞ்சள் அலகு, அதே வெளிறிய விழி. தனக்கென்று முட்டையிடாத பறவையும் கூடு கட்டத் துணைநிற்கிறது, இரை சுமக்கிறது, முருங்கையின் நுனிக்கொம்பில் காவல் இருக்கிறது. வைரி ஒன்று நிழலாய்க் கடந்தபோது அத்தனையும் ஒரே குரலாய் எழுந்து அலறினவே, அந்த அலறலில் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது! தவிட்டுக்குருவிக்கு வெண்தலைச் சிலம்பன் என்று நூலோர் இட்ட பெயரின் பொருள் அன்று என் செவிக்குள் இறங்கிற்று.

பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் வாழ்வை ஆராய்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1982-இல் பரமானந்தத்தோடு சேர்ந்து இப்பறவைகளைப் பற்றி ‘ஐபிஸ்’ இதழில் எழுதினார். தங்கள் கூட்டில் பிறந்த சுடலைக்குயில் குஞ்சு ஒன்றைச் சிலம்பன் கூட்டம் முழுவதும் சேர்ந்து பேணிய கதை அது. செந்நாயும் அப்படித்தானே! வேட்டை முடிந்து மீளும் மந்தை, தாய்க்கும் குட்டிகளுக்கும் இறைச்சியைக் கக்கி ஊட்டுகிறது. குயில் ஏமாற்றியது, சிலம்பன் ஏமாந்தது என்பார் சொல்லட்டும். என் கொல்லையில் பசித்த வாய் ஒன்று திறந்தது. ஏழு அலகுகள் அதை நோக்கி ஓடின. நான் கண்டது கருணை. கருணையன்றி வேறொன்றும் காணேன்!

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நான் பிள்ளை பெறாதவள். அக்காளின் மூன்று மக்களும் என் மடியில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய காய்ச்சல் இரவுகளெல்லாம் என் இரவுகள். ஆயினும் வளைகாப்பு வீடுகளில் ஓரமாய் நின்றே பழகியவள். அந்த முள் எத்தனை ஆண்டுகள் உள்ளே கிடந்ததென்று அவனே அறிவான்.

சித்திரைத் திருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ நடக்கையில் ஆண்டுதோறும் கூட்டத்தில் ஒருத்தியாய் நின்று கண்ணீர் உகுத்திருக்கிறேன். பேறுகால மகளைத் தேடி வந்த தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் நிறுத்திவிட, அந்தத் தாயின் உருவெடுத்து வந்து, வெந்நீர் வைத்து, இடுப்பைத் தாங்கி, சிசுவைக் கையில் ஏந்திய பெருமானின் லீலை! இத்தனை காலமும் காப்பாற்றப்பட்ட மகளைத்தான் கண்டேன். அன்றோ எலுமிச்சை நிழலில் காப்பாற்றியவனைக் கண்டேன்! அவனும் பெற்றவனல்லன்! துணைக்கு வந்தவன்! பெறாமலே தாயானவன்! அகிலாண்டங்களையும் ஆட்டுவிக்கும் மகாதேவன் தனக்கென்று தேடி உவந்த தாயுமானவன் என்ற திருநாமம், பிறர் மகளுக்குப் பேறு பார்த்த அந்த நாமமா! அம்மையே, அப்பனே, நான் வெட்கிக் குனிந்து நின்ற அதே ஓரத்திலா இத்தனை நாளும் நீ நின்றிருந்தாய்! முள் எங்கே? தேடினேன், இல்லை. நான் எங்கே? அவளும் இல்லை. நீரும் மரமும் இறகும் கூவலும் ஒன்றாய்க் கரைந்த ஆனந்த வெள்ளத்தில், அந்த ஏழோடு எட்டாவதாய் ஏதோ ஒன்று சிறகடித்துக்கொண்டிருந்தது.

குஞ்சுகள் கூடு விட்டிறங்கிய மாலை. வால் முளைத்தும் முளையாத மூன்றையும் நடுவில் இருத்தி, பெரியவை இருபுறமும் நெருக்கி அமர்ந்து, ஒன்றன் கழுத்தை ஒன்று கோதிக்கொண்டே ஒரே கிளையில் உறங்கின.

சுகப்பிரசவம் ஆனவர்கள் தாயுமானவருக்கு வாழைத்தார் சாத்துவது எங்கள் ஊர் வழக்கம். மறுநாள் காலை நானும் ஒரு தார் வாங்கிச் சுமந்து படியேறினேன்.